தள்ளினால் ஓடும் வண்டி

குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு வெளியூர் கிளம்பி, வழியெல்லாம் அவதிப்பட்டு, போய்ச் சேர்ந்த இடத்திலும் அவமானப்பட்டுத் திரும்பும் கதைக்கு எந்த நாட்டிலும் சிரிப்பு உண்டு. அமெரிக்கர்கள் இதை ஒரு தனி வகைப் படமாகவே வளர்த்து வைத்திருக்கிறார்கள். அந்த வகையில் 2006ஆம் ஆண்டு வெளிவந்த ‘லிட்டில் மிஸ் சன்ஷைன்’ என்ற படத்தை எடுத்துக்கொண்டு, அதில் வரும் வண்டியையும் அதில் ஏறிய குடும்பத்தையும் சற்று நிதானமாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சினிமா விமரிசனம் எழுதும் தகுதி எனக்குக் கிடையாது. ரயில்வேயில் டீசல் ஷெட்டுகளிலேயே முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து ஓய்வு பெற்ற டிப்ளமாக்காரன் நான். ஆனால் இந்தப் படத்தின் நகைச்சுவை முழுவதும் ஒரு கிளட்சின் மேல் நிற்கிறது. கிளட்ச் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகெர்க்கி என்ற ஊர். அங்கே ஹூவர் குடும்பம். குடும்பத் தலைவர் ரிச்சர்டு, வெற்றி பெறுவதற்கு ஒன்பது படிகள் என்று ஒரு திட்டம் வகுத்து, அதைப் புத்தகமாக்கிப் பணக்காரராகிவிடலாம் என்று காத்திருப்பவர். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே ஜாதி: ஜெயித்தவர், தோற்றவர். அவருடைய பேச்சைக் கேட்க வகுப்பறையில் உட்கார்ந்திருப்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். மனைவி ஷெரில், வீட்டில் எல்லாருக்கும் இடையில் நின்று அடி வாங்குபவர். மனைவியின் அண்ணன் ஃபிராங்க் ஒரு பேராசிரியர். தற்கொலைக்கு முயன்று பிழைத்து, தனியே விடக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் தங்கை வீட்டுக்கு வந்திருக்கிறார். மூத்த பையன் ட்வேய்ன், விமானப் படையில் சேரும் வரை வாய் திறப்பதில்லை என்று மௌன விரதம் பூண்டு மாதக்கணக்காகிறது; தேவையானதைச் சீட்டில் எழுதிக் காட்டுகிறான். ரிச்சர்டின் தகப்பனார் முதியோர் இல்லத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர், இந்த வயதில் போதைப் பழக்கம். கடைசியாக ஆலிவ் என்ற ஏழு வயதுச் சிறுமி, கொழுகொழுவென்று, மூக்குக் கண்ணாடியோடு.

இந்த ஆலிவுக்குக் கலிஃபோர்னியாவில் ரெடோண்டோ பீச் என்ற கடற்கரை ஊரில் நடக்கும் குழந்தைகள் அழகுப் போட்டியில் கலந்துகொள்ள எதிர்பாராமல் வாய்ப்பு வருகிறது. தூரம் 800 மைல், அதாவது ஏறத்தாழ 1,300 கி.மீ. மும்பையிலிருந்து சென்னைக்கு ரயிலில் எவ்வளவு தூரமோ அவ்வளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்குக் காசில்லை. ஃபிராங்கைத் தனியே விட முடியாது. கியர் வண்டி ஓட்ட ஷெரிலுக்குத் தெரியாது. பேத்திக்கு நடனம் சொல்லிக் கொடுத்தவர் தாத்தா, அவரையும் விட முடியாது. ஆக, ஆறு பேரும் ஒரு பழைய மஞ்சள் நிற ஃபோக்ஸ்வாகன் பஸ்ஸில் ஏறுகிறார்கள். எல்லாரும் ஏறுவதற்குக் காரணம் பாசம் அல்ல, யாரையும் விட்டுவிட்டுப் போக வழியில்லை என்பதே. இந்த ஒரு ஏற்பாட்டிலேயே திரைக்கதை எழுதியவரின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது.

எழுதியவர் மைக்கேல் ஆர்ண்ட். இது அவருடைய முதல் படம். இயக்கியவர்கள் ஜோனதன் டேட்டன், வேலரி ஃபாரிஸ் என்ற கணவன் மனைவி; அவர்களுக்கும் இதுவே முதல் கதைப்படம். 2007 பிப்ரவரியில் நடந்த ஆஸ்கார் விழாவில் ஆர்ண்ட்டுக்கு அசல் திரைக்கதைக்கான விருதும், தாத்தாவாக நடித்த ஆலன் ஆர்க்கினுக்குத் துணை நடிகர் விருதும் கிடைத்தன. ஆர்க்கின் 2023இல் காலமானார். ஆலிவாக நடித்த அபிகேல் பிரெஸ்லினும் துணை நடிகை விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது பத்து.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தத் தாத்தாவின் வாயில் நல்ல வார்த்தை வருவது அபூர்வம். அமெரிக்காவிலேயே, 17 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம் என்ற சான்றிதழோடு வந்த படம். சின்னக் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டாம். கல்லூரிக்குப் போகும் பேரன் பேத்திகளோடு பார்க்கலாம். நான் அப்படித்தான் பார்த்தேன்.

இனி வண்டி.

வழியில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் ரிச்சர்டு மனைவிக்குக் கியர் வண்டி ஓட்டக் கற்றுக் கொடுக்கப் பார்க்கிறார். கரகரவென்று சத்தம். கிளட்ச் போயிற்று. ஒர்க்ஷாப்பில் காட்டினால், வார இறுதி, உதிரி பாகம் வரச் சில நாள் ஆகும் என்கிறார் மெக்கானிக். ஆனால் அவர் ஒரு யோசனையும் சொல்கிறார்: இந்தப் பழைய வண்டிகளில் முதல் இரண்டு கியருக்குத்தான் கிளட்ச் அவசியம், மூன்றிலிருந்து நான்குக்குப் போக அது இல்லாமலே சமாளிக்கலாம். மேட்டில் நிறுத்தி உருட்டிவிடுங்கள். மேடு இல்லையென்றால் ஆட்கள் தள்ளட்டும். மணிக்கு 15, 20 மைல் வேகம் வந்ததும் மூன்றாவது கியரில் போட்டுவிடுங்கள்.

இது சினிமாக்காரர்கள் இட்டுக்கட்டிய வித்தை அல்ல. ஆர்ண்ட்டின் சிறு வயதில் அவர்கள் வீட்டிலிருந்த இதே மாதிரி ஃபோக்ஸ்வாகன் பஸ் இப்படித்தான் தொல்லை கொடுத்திருக்கிறது. அந்த அனுபவத்திலிருந்தே இதை எடுத்திருக்கிறார். பொறியியல் கணக்கிலும் இது சரியாகவே நிற்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

கிளட்ச் என்பது என்ன? உங்கள் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று அழுத்திச் சேருங்கள். ஒரு கையைத் திருப்பினால் மற்றதும் கூடத் திரும்பும். அழுத்தத்தைத் தளர்த்தினால் ஒரு கை திரும்பும், மற்றது சும்மா இருக்கும். ஒரு கை எஞ்சின், மறு கை கியர் பாக்ஸ். இரண்டையும் அழுத்திப் பிடித்திருப்பது ஸ்பிரிங்குகள். நாம் காலால் கிளட்ச் பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியைத் தளர்த்துகிறோம். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினையும் நின்றுகொண்டிருக்கும் சக்கரத்தையும் அதிர்ச்சி இல்லாமல் மெல்ல மெல்லச் சேர்த்து வைப்பதுதான் கிளட்சின் வேலை. இந்த ஃபோக்ஸ்வாகன் பஸ்ஸில் எஞ்சின் பின்பக்கம், பெடல் முன்பக்கம். நடுவில் வண்டியின் அடியோடு நீண்டு போகும் ஒரு கம்பி கேபிள். அது அறுந்தாலும் சரி, வேறெந்த வகையில் கிளட்ச் பிரியாமல் போனாலும் சரி, எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒட்டியே இருக்கும், பிரிக்க முடியாது.

அப்படியானால் நிற்கிற வண்டியில் எஞ்சின் ஓடும்போது கியர் விழாது. பல்லோடு பல் மோதிக் கரகரக்கும். ஏனென்றால் ஒரு பக்கம் சுற்றுகிறது, மறு பக்கம் நிற்கிறது. இரண்டையும் சம வேகத்துக்குக் கொண்டுவந்தால்தான் பல் பல்லுக்குள் இறங்கும். எஞ்சினை நிறுத்தி இதைச் சமமாக்கலாம், ஆனால் அப்போது வண்டி நகராது. இன்னொரு வழி, நிற்கிற சக்கரத்தை ஓட வைப்பது. அதாவது, நியூட்ரலில் வைத்து எஞ்சினை ஓட விட்டு, வண்டியைத் தள்ளி, சக்கரங்கள் போதிய வேகம் பெற்றதும் கியரை மெல்ல இறக்குவது. குடும்பத்தார் இறங்கித் தள்ளுவதன் சூட்சுமம் இதுதான்.

நம்மில் பலர் அம்பாசடரையும் ஃபியட்டையும் தள்ளிய அனுபவம் உள்ளவர்கள். அதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு, இளைய வாசகர்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது. நாம் தள்ளியது பாட்டரி இறங்கியதால். அங்கே கிளட்ச் நன்றாக இருக்கும், எஞ்சின்தான் தூங்கும். இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடியே தள்ளச் சொல்லி, சற்று வேகம் வந்ததும் பட்டென்று காலை எடுத்தால் சக்கரம் எஞ்சினை எழுப்பிவிடும். எஞ்சின் எழுந்த பிறகு நிறுத்தி எல்லாரையும் ஏற்றிக்கொள்ளலாம்; எஞ்சினை அணைக்காமல் இருந்தால் போதும். ஹூவர் குடும்பத்தின் கஷ்டம் வேறு. அங்கே எஞ்சின் நன்றாகவே இருக்கிறது. வண்டி ஓடத் தொடங்கிவிட்டால் நிறுத்தவே முடியாது; நின்றால் மறுபடி தள்ள வேண்டும். ஆகவே தள்ளியவர்கள் கூடவே ஓடி, பக்கவாட்டுக் கதவு வழியாக ஒருவர் பின் ஒருவராகத் தாவி ஏறியாக வேண்டும்.

“மூணாவது கியர் எதுக்குத் தாத்தா? ஃபர்ஸ்ட் கியர்ல போட்டா கொஞ்சம் வேகம் போதுமே, ஓடவே வேண்டாமே?” என்று பேரன் கேட்டான். நல்ல கேள்வி. முதல் கியருக்கு நடக்கிற வேகமே போதும்தான். ஆனால் அதற்குப் பிறகு இரண்டாவதுக்கு மாற்ற வேண்டும், அப்புறம் மூன்றாவதுக்கு. முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் வேக இடைவெளி அதிகம். கிளட்ச் இல்லாமல் அதைத் தாண்டுவது பெரும்பாடு. மூன்றுக்கும் நான்குக்கும் இடைவெளி குறைவு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பற்களின் மேலுள்ள அழுத்தம் போய் லீவர் தானாகக் கழன்று வரும். எஞ்சின் வேகம் சற்று இறங்கியதும் நான்காவதில் நழுவி விழும். பழைய லாரி டிரைவர்கள் கிளட்சைத் தொடாமலே இதைச் செய்வதை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். ஆகவே தொடக்கத்தில் ஒரு முறை மூச்சு வாங்க ஓடிவிட்டால் பிறகு நூறு மைல் நிம்மதி. மெக்கானிக் சொன்னதில் பிசகில்லை.

எவ்வளவு வேகம் வேண்டும்? மூன்றாவது கியரில், எஞ்சின் சும்மா ஓடும்போது என்ன வேகத்தில் சக்கரம் சுற்றும் என்று நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். மணிக்குச் சுமார் 16, 17 கி.மீ. வருகிறது. மெக்கானிக் சொன்ன 15 மைலுக்கு, அதாவது 24 கி.மீ.க்கு, போக வேண்டிய அவசியம்கூட இல்லை. வண்டியும் ஆட்களுமாக 1,300 கிலோ என்று கொள்வோம். நான்கு பேர் தள்ளுகிறார்கள், ஆளுக்குச் சுமார் 18 கிலோ விசை. தரையின் உராய்வுக்கு ஒரு 20 கிலோ விசையைக் கழித்தால் மீதி 50 கிலோ சொச்சம். 17 கி.மீ. வேகத்தை எட்ட ஏறத்தாழ 12 வினாடி, 30 மீட்டர் தூரம். ஓட ஓடக் கை வலுக் குறையும் என்பதால் 40 மீட்டர் என்றே வைத்துக்கொள்ளலாம். 100 மீட்டரை 20 வினாடியில் ஓடினால் அது 18 கி.மீ. வேகம், நடுவயதுக்காரர் ஒருவர் உயிரைக் கொடுத்து ஓடினால் முடியும். பேராசிரியர் ஃபிராங்க் அந்த ஓட்டம்தான் ஓடுகிறார். பள்ளி மாணவர்கள் இந்தக் கணக்கை மூன்று பேர் தள்ளினால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்க்கலாம். விடை வியப்பாக இருக்கும்.

ஒரு இடைச்செருகல். எங்கள் டீசல் லோகோவை இப்படித் தள்ளி ஓட்ட முடியாது. அதில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கிளட்சும் கிடையாது, கியர் லீவரும் கிடையாது. எஞ்சின் ஜெனரேட்டரைச் சுற்றும், ஜெனரேட்டர் மின்சாரம் தரும், அந்த மின்சாரத்தில் மோட்டார் சக்கரத்தைச் சுற்றும். எத்தனை பேர் தள்ளினாலும் எஞ்சின் எழுந்திருக்காது. ஆனால் ஒருவர் பின் ஒருவராகத் தாவி ஏறும் அந்தக் காட்சி எனக்குப் பழைய கூட்ஸ் வண்டிகளைத்தான் நினைவூட்டியது. வேகன்களுக்கு நடுவே இணைப்பு சற்றுத் தளர்வாக இருக்கும். லோகோ இழுக்கும்போது மொத்த வண்டியும் ஒரே சமயத்தில் கிளம்பாது. முதல் வேகன், பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று டக் டக் டக்கென்று ஒவ்வொன்றாக வந்து சேரும். ஒரே நேரத்தில் அத்தனை பாரத்தையும் இழுக்க லோகோவுக்குத் திராணி இல்லாதபோது இந்தத் தளர்வுதான் கை கொடுக்கும்.

இப்போது நகைச்சுவைக்கு வருவோம். பயணச் சங்கடப் படங்களில் அமெரிக்கர்களுக்கு முன்மாதிரி 1983இல் வந்த ‘நேஷனல் லாம்பூன்ஸ் வெகேஷன்’. சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியாவில் உள்ள ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குக் காரில் போகும் குடும்பம், வழியெல்லாம் இழப்பு, போய்ச் சேர்ந்தால் பூங்கா பராமரிப்புக்காக மூடிக் கிடக்கிறது. நன்றாகச் சிரிக்கலாம். ஆனால் அதில் ஒரு விபத்துக்கும் அடுத்ததற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. ஒன்று முடிந்தால் துடைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குகிறார்கள். ‘லிட்டில் மிஸ் சன்ஷைன்’ அப்படியல்ல. முதல் பழுது கடைசி வரை ரிப்பேர் ஆவதில்லை. அதன் மேல் இரண்டாவது பழுது, அதன் மேல் மூன்றாவது. பணிமனையில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: தனித்தனிக் கோளாறு எதுவும் வண்டியை நிறுத்தாது, அவை சேரும்போதுதான் ஆபத்து.

கிளட்ச் போனதால் நிறுத்துவது என்பதே செலவான காரியமாகிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு சம்பவம். பெட்ரோல் பங்கில் அவசர அவசரமாகத் தள்ளி ஏறியதில் ஆலிவையே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். திரும்பி வந்து அவளை எடுக்கும்போதும் நிறுத்த முடியாது. அந்தக் குழந்தை ஓடி வந்து ஏறுகிறது. சிரிக்கிறோம். ஆனால் யாருக்காகப் பயணமோ அவளையே மறந்துவிட்டார்கள் என்பது அடுத்த கணம் சுருக்கென்று தைக்கிறது.

நம் பக்கத்துப் படங்களோடு ஒரு ஒப்பீடு செய்து பார்க்கலாம். ரவிச்சந்திரனும் நாகேஷும் நடித்த ‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி’ 1966இல் வந்தது. அதையே இந்தியில் 1972இல் ‘பாம்பே டு கோவா’ என்று எடுத்தார்கள். அமிதாப் பச்சனும் மெஹ்மூதும் நடித்த அந்தப் படத்தை இங்கே நம் வீட்டுப் பிள்ளைகள் அசல் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்! அவற்றில் பஸ்ஸில் ஏறுபவர்கள் முன்பின் அறியாதவர்கள், போகப் போக ஒரு குடும்பம் போல ஆகிறார்கள். அமெரிக்கப் படத்தில் தலைகீழ். ஏறியவர்கள் ஒரே குடும்பம், உட்கார்ந்திருப்பது முன்பின் அறியாதவர்கள் போல. இறங்கித் தள்ள வேண்டி வரும்போதுதான் ஒருவர் கையை ஒருவர் பிடிக்கிறார்கள்.

இரண்டாம் நாள் காலையில் தாத்தா எழுந்திருப்பதில்லை. இரவில் போதை மருந்து மிஞ்சிப்போய்த் தூக்கத்திலேயே இறந்துவிடுகிறார். மாநில எல்லையைத் தாண்டி உடலைக் கொண்டுபோக அனுமதிப் பத்திரம் வேண்டும், அதற்கு நேரம் ஆகும் என்கிறது ஆஸ்பத்திரி. போட்டிக்கு மூன்று மணிக்குள் போக வேண்டும். ரிச்சர்டு ஒரு முடிவெடுக்கிறார். உடலை ஜன்னல் வழியாக இறக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார்கள். நம்மவர்களுக்கு இந்த இடம் உறுத்தும். ‘வெகேஷன்’ படத்திலும் இறந்துபோன அத்தையைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு போவார்கள். அது வெறும் விளையாட்டு, அத்தைக்காக யாரும் அழுவதில்லை. இங்கே முதலில் அழுகிறார்கள். பிறகுதான் தூக்குகிறார்கள். ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு, தகப்பனார் உயிர் ஊரில் பிரிய, இரண்டு இரவு ரயிலில் உட்கார்ந்து போய்ச் சேர்வது என்றால் என்ன என்று தெரியும். வேலை, லீவு, டிக்கெட், பிள்ளையின் பரீட்சை என்று மனம் கணக்குப் போடும். அப்படிக் கணக்குப் போடுவதற்காகவே தன்னை நொந்துகொள்ளும். ரிச்சர்டின் முகத்தில் அந்தக் கணக்கு ஓடுவதை நடிகர் கிரெக் கின்னியர் நன்றாகக் காட்டியிருக்கிறார்.

ஆனால் என்னை உலுக்கியது தாத்தாவின் சாவு அல்ல, அதற்குப் பின் வரும் ஒரு சின்ன விஷயம். ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்து வந்த கண் பரிசோதனை அட்டைகளை வைத்துக்கொண்டு ஆலிவ் வண்டியில் அண்ணனோடு விளையாடுகிறாள். சிறிய எழுத்துகளையெல்லாம் சரியாகக் காட்டுகிறான். பிறகு ஒரு வட்டம், நிறையப் புள்ளிகள், நடுவில் வேறு நிறத்தில் ஓர் எழுத்து. அவனுக்கு அது தெரியவில்லை. மாமா ஃபிராங்க் உற்றுப் பார்க்கிறார், புரிந்துகொள்கிறார்: பையனுக்கு நிறக்குருடு. போர் விமானம் ஓட்ட முடியாது. மாதக்கணக்காகப் பேசாதிருந்த பையன் வண்டியை நிறுத்தச் செய்து, இறங்கி ஓடி, அலறுகிறான்.

ரயில்வேயில் இருந்தவன் இந்தக் காட்சியைச் சாதாரணமாகப் பார்க்க முடியாது. நிறப் பார்வைச் சோதனை உலகில் பரவியதற்குக் காரணமே ரயில்வேதான். 1875 நவம்பரில் ஸ்வீடனில் லாகெர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதின. உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடலியல் பேராசிரியர் ஹோல்ம்கிரேன், சிக்னல் நிறத்தை ஊழியர் தவறாக உணர்ந்திருக்கலாம் என்று கருதினார். நிறநிறமான கம்பளி நூல்களைக் கொடுத்து ஒத்த நிறத்தைப் பொறுக்கச் சொல்லி ரயில்வே ஊழியர்களைச் சோதித்தார். அந்த விபத்துக்கு உண்மையில் அதுதான் காரணமா என்பதில் பிற்கால ஆய்வாளர்களுக்கு ஐயம் உண்டு. ஆனால் சோதனை நாடு நாடாகப் பரவிவிட்டது. புள்ளிகளுக்கு நடுவே எண் தேடும் புத்தகம் ஜப்பானியக் கண் மருத்துவர் இஷிஹாரா உருவாக்கியது, 1917இல் வெளிவந்தது. இன்றும் நம் ரயில்வே ஆஸ்பத்திரிகளில் அதைத்தான் புரட்டுகிறார்கள். லோகோ பைலட் வேலைக்கு ஏ-ஒன் என்ற மருத்துவத் தகுதி வேண்டும். நிறப் பார்வை இல்லாதவர் அதில் தேற முடியாது.

நான் பணியில் இருந்தபோது நம்மவர் வீட்டுப் பையன் ஒருவன் உதவி ஓட்டுநர் எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணோடு தேறினான். இரண்டு வருடம் ராப்பகலாகப் படித்திருந்தான். மெடிக்கலில் புத்தகத்தைப் புரட்டினார்கள், எண் தெரியவில்லை. அவனுடைய அப்பா என் குவார்ட்டர்ஸுக்கு வந்து, “சார், யாரையாவது பார்த்துப் பேசினா ஆகுமா?” என்று கேட்டார். முடியாது என்றேன். இரவில் சிக்னலில் தெரிவது ஒரு புள்ளி வெளிச்சம். அது சிவப்பா பச்சையா என்பதில் பின்னால் தூங்கிக்கொண்டிருக்கும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர் ஒன்றும் பேசாமல் காபியைக் குடித்துவிட்டுப் போனார். பையன் பிறகு வேறு தேர்வு எழுதிக் கணக்குப் பிரிவில் சேர்ந்து, இன்று என்னைவிட நல்ல பென்ஷன் வாங்கப் போகிறான். ஆனால் அந்த இரண்டு வருடம்?

வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிவப்பு, பச்சை நிற வேறுபாடு தெரியாத குறை பெரும்பாலும் ஆண்களுக்கு வருவது. ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு உண்டு என்பார்கள்; நம் நாட்டில் அதைவிடக் குறைவு, ஆனால் அபூர்வம் அல்ல. தாய் வழியாக வருவது. அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கு இருந்தால், பேரனுக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு; தாயாருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. பிறவியிலேயே இருப்பதால் பையனுக்குத் தனக்குக் குறை இருப்பதே தெரிவதில்லை; பார்வை கூர்மையாக இருப்பதால் பெற்றோருக்கும் சந்தேகம் வராது. இதற்கு மருந்தோ அறுவை சிகிச்சையோ கிடையாது. ஆனால் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். ரயில், விமானம், கப்பல், ராணுவம் என்று பையன் பத்து வயதில் பேசத் தொடங்கினால், அப்போதே கண் டாக்டரிடம் அந்தப் புத்தகத்தைப் புரட்டச் சொல்லுங்கள். கோச்சிங்குக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால்.

ட்வேய்ன் புல்வெளியில் தனியே உட்கார்ந்திருக்கிறான். அம்மா போய்ப் பேசிப் பார்க்கிறாள், பயனில்லை. நேரம் ஆகிறது. ஆலிவ் மெதுவாக இறங்கிப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போடுகிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் எழுந்து வருகிறான். எத்தனையோ பேர் எத்தனையோ அறிவுரை சொல்லியிருக்கக்கூடிய இடம் அது. ஒன்பது படி வெற்றிச் சூத்திரம் கையில் வைத்திருக்கும் தகப்பனுக்கு அங்கே சொல்ல ஒன்றும் இல்லை. தன் புத்தகத்தை யாரும் வாங்கப் போவதில்லை என்று அவருக்கும் அதற்கு முதல் நாள்தான் தெரிந்திருக்கிறது.

போட்டி நடக்கும் ஹோட்டல் கண்ணுக்குத் தெரிகிறது, போக வழி தெரியவில்லை. சுற்றிச் சுற்றி வந்து சில நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்கிறார்கள். அங்கே மேடையில் ஆறேழு வயதுக் குழந்தைகள், பெரிய பெண்கள் போலப் பவுடரும் லிப்ஸ்டிக்கும் பூசி நிற்கிறார்கள். இந்த அலங்காரத்துக்கு நடுவில் ஆலிவ், தாத்தா சொல்லிக் கொடுத்த நடனத்தை ஆடுகிறாள். தாத்தா எப்பேர்ப்பட்டவர் என்று நமக்குத் தெரியும், அந்த நடனமும் அப்படியே. குழந்தைக்கு அதன் பொருள் தெரியாது. சபை முகம் சுளிக்கிறது. அவளை இறக்கு என்று அமைப்பாளர் ரிச்சர்டிடம் சொல்கிறார். ரிச்சர்டு மேடையில் ஏறுகிறார். ஏறி, அவளோடு ஆடுகிறார். பிறகு ஃபிராங்க், ட்வேய்ன், ஷெரில். இந்தக் காட்சியைச் சிலர் ஆபாசம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பவுடர் பூசிய அந்த மற்றக் குழந்தைகளைப் பார்த்தபோதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. நம் சங்கத்து ஆண்டு விழாவிலும், பாடம் மறந்து நின்றுவிட்ட குழந்தையைப் பார்த்துக் கீழே வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடிக்கும் அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். மேடை ஏறிய அப்பாவைப் பார்த்ததில்லை.

கலிஃபோர்னியாவில் இனி எந்த அழகுப் போட்டியிலும் கலந்துகொள்ள மாட்டோம் என்ற நிபந்தனையின் பேரில் போலீஸ் அவர்களை விடுகிறது. அதைக் கேட்டு அவர்கள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. மறுபடி வண்டியைத் தள்ளுகிறார்கள். இந்த முறை யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. நன்றாகப் பழகிய ஒரு ஷிப்ட் ஆட்கள் போலச் செய்கிறார்கள்.

ஹார்னைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த வண்டியின் கோளாறுப் பட்டியல் முழுமையாகாது. நடுவழியில் அது தானாகவே அலறத் தொடங்கி, ஒரு போலீஸ்காரரை வரவழைத்து, பின்னால் தாத்தாவின் உடல் இருக்கும் வண்டியை நிறுத்த வைத்துவிடுகிறது. பழைய வண்டிகளில் ஹார்ன் பொத்தானை அழுத்தினால், ஒரு ஒயர் வண்டியின் உடம்பைத் தொட்டுச் சுற்று முழுமையாகும். ஸ்டியரிங் தண்டுக்குள் அந்த ஒயரின் மேல்தோல் தேய்ந்துபோனால், யாரும் அழுத்தாமலே அது உடம்பைத் தொட்டுக்கொண்டு விட்டுவிட்டு அலறும். பரிகாரம் எளிது. ஹார்ன் ஒயரைக் கழற்றி டேப் சுற்றிவிட வேண்டியதுதான், இரண்டு நிமிட வேலை. இத்தனை தூரத்தில் அந்த ஐவரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. சுங்கச் சாவடித் தடுப்புக் கட்டையை உடைத்துக்கொண்டு மஞ்சள் வண்டி வீடு திரும்பும்போதும் அது அலறிக்கொண்டேதான் போகிறது.